கடல் கொண்ட நாட்டைத் தேடிய தமிழாசிரியர்: யார் இந்த தேவநேயப் பாவாணர்?

இன்ஸ்டாகிராம் திறந்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த ரீல் வந்துவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் தொடும் அளவுக்கு ஒரு பெரிய பச்சை நிலம். பின்னணியில் உடுக்கைச் சத்தம். மேலே கொட்டை எழுத்தில் குமரிக்கண்டம்.

கீழே கமெண்டில் இரண்டு கட்சி. ஒரு பக்கம் இது நம்ம வரலாறு, மறைத்துவிட்டார்கள் என்று கோபம். இன்னொரு பக்கம் இதெல்லாம் சும்மா கட்டுக்கதை என்று கிண்டல். இரண்டு பக்கத்திலும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒரு பெயர் இருக்கிறது. அந்த பச்சை நிலத்தை ஆதாரத்தோடு நிறுவிவிட வேண்டும் என்று தன் வாழ்நாளையே செலவழித்த ஒரு பள்ளிக்கூட தமிழாசிரியர். ஞா. தேவநேயப் பாவாணர்.

பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்தில் தமிழ்ச்சொல் வளம் பாடம் படித்த ஞாபகம் இருக்கா? தாள், தண்டு, கோல், தூறு, கழி, கழை என்று ஒரு நீண்ட பட்டியல் வருமே. மனப்பாடம் செய்யத் தெரியாமல் பலர் திட்டிய அதே பாடம்தான். அதை எழுதியவர்தான் இவர்.

அவர் யார், எதைத் தேடினார், அதில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு நிற்கவில்லை? பார்க்கலாம்.

சங்கரன்கோவிலில் பிறந்தார், முறம்பில் ஆசிரியர் ஆனார்

1902 பிப்ரவரி 7ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவிலில் பிறந்தார். இப்போது அது தென்காசி மாவட்டம். அப்பா ஞானமுத்து, அம்மா பரிபூரணம். கிறிஸ்தவக் குடும்பம். வைத்த பெயர் தேவநேசன்.

சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். வளர்த்தது அக்கா. அவர் இருந்த ஊர் ஆம்பூர். ஆக, தெற்கே பிறந்த பையன் வடக்கே வட ஆற்காட்டில் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு பாளையங்கோட்டை சி.எம்.எஸ். உயர்நிலைப் பள்ளி. அங்கேதான் மேல்படிப்பு.

1919ல் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் முறம்பு என்ற இடத்தில் இருந்த சீயோன்மலைப் பள்ளியில். வயது 17.

இந்த இடத்தில் ஒரு சின்ன சொந்தக் கதை. எனக்கு ஊர் சேத்தூர். சேத்தூரும் முறம்பும் ஒரே ராஜபாளையம் தாலுகா. நாங்கள் தென்காசி ரோட்டில், முறம்பு சங்கரன்கோவில் ரோட்டில். அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பாவாணர் கோட்டம் என்ற பெயரைப் பார்த்திருக்கிறேன். தமிழ் பி.ஏ. சேர்ந்த பிறகுதான் அது யார் என்று கேட்கத் தோன்றியது. சேத்தூர் ஜமீனில் கவிராயர்கள் இருந்ததைப் பெருமையாகச் சொல்லும் எங்கள் ஊர்க்காரர்கள்கூட, பக்கத்திலேயே பாடம் நடத்திய இவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

முறம்பில் இரண்டு வருஷம். பிறகு ஆம்பூருக்கே திரும்பிப் போய் அங்கே ஆசிரியர் வேலை. 1924ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். கவிதை எழுதும் திறமைக்காக தேவநேசக் கவிவாணன் என்று அழைக்கப்பட்டார். பின்னாளில் தனித்தமிழ் இயக்கம் அவரைப் பிடித்துக்கொண்டபோது, நேசன் நேயன் ஆனது, கவிவாணன் பாவாணர் ஆனது. தன் பெயரிலேயே முதல் சொல்லாய்வை நடத்திக்கொண்டார் என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் இருந்து பள்ளிக்கூடம்

அடுத்த 20 வருஷம் அவருடைய வாழ்க்கை ஒரு சாதாரண தமிழாசிரியரின் வாழ்க்கைதான். சென்னையில் சில பள்ளிகள். 1928ல் இருந்து மன்னார்குடி பின்லே பள்ளி. அங்கே இருந்தபோது முறையாக இசை கற்றார். 1934ல் திருச்சி பிஷப் ஹீபர் பள்ளி. அங்கே ஒன்பது வருஷம்.

அந்தக் காலத்தில் தமிழாசிரியருக்கு மற்ற ஆசிரியர்களைவிட சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. அந்த நிலையில் இருந்துகொண்டு இவர் செய்தது என்ன தெரியுமா? உலகத்தின் வெவ்வேறு மொழிகளுடைய இலக்கணங்களையும் அகராதிகளையும் வாங்கி, ஒவ்வொன்றாகத் தமிழோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று பட்டியல் நீளும்.

கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை அல்ல என்று காட்டியிருந்தார். பாவாணர் அங்கிருந்து ஒரு அடி இல்லை, ஒன்பது அடி தள்ளிப் போனார். தமிழ் திராவிடத்துக்கு மட்டும் தாய் இல்லை, ஆரியத்துக்கும் மூலம் அதுதான், மனிதன் பேசிய முதல் மொழியே அதுதான் என்றார். அந்த முதல் மனிதன் பிறந்த இடம் எது? இப்போது கடலுக்கு அடியில் இருக்கும் குமரிநாடு.

1930களில் எம்.ஓ.எல். பட்டத்துக்காக சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வேடு கொடுத்தார். திராவிட இனம் தோன்றிய இடம் குமரிநாடே என்பதுதான் பொருள். பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. மனம் உடைந்து போயிருக்க வேண்டிய ஆள், அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தார். இனி பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது இல்லை, புத்தகமாக எழுதி மக்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். 1940ல் ஒப்பியன் மொழிநூல் வந்தது. இதற்கு நடுவில், பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற பேச்சு எழுந்த 1937ல், செந்தமிழ்க் காஞ்சி என்று பாட்டுப் புத்தகமும் எழுதினார்.

சரி, குமரிக்கண்டம் எங்கிருந்து வந்தது?

இதைப் புரிந்துகொள்ளாமல் பாவாணரைப் புரிந்துகொள்ள முடியாது. குமரிக்கண்டம் என்று நாம் இப்போது பேசும் விஷயத்தில் இரண்டு தனித்தனி சரக்கு கலந்திருக்கிறது.

முதல் சரக்கு நம்முடையது. பழைய தமிழ் நூல்களில் கடல் நிலத்தைக் கொண்டுபோன செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பஃறுளி ஆறும் பல மலைகளும் குமரிக்கோடும் கடலில் போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கலித்தொகையில், கடலுக்கு நிலத்தை இழந்த பாண்டியன் அதை ஈடுகட்ட சேர, சோழ நாட்டுப் பகுதிகளைப் பிடித்த செய்தி இருக்கிறது. இறையனார் களவியல் உரையில் மூன்று சங்கங்களின் கணக்கு வருகிறது. முதல் சங்கம் தென்மதுரையில் 4,440 ஆண்டு, இரண்டாவது கபாடபுரத்தில் 3,700 ஆண்டு, மூன்றாவது இப்போதைய மதுரையில் 1,850 ஆண்டு. முதல் இரண்டு ஊரையும் கடல் கொண்டுவிட்டது. (இந்த மூன்று எண்ணையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே வராது. கணக்குப் போட்டவருக்கு 37 மேல் ஏதோ பிரியம்.) சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம் நிலமும் 49 நாடுகளும் இருந்ததாகச் சொல்கிறார். குமரிக்கண்டம் என்ற சொல் கந்தபுராணத்தில் இருக்கிறது. ஆனா அங்கே அது பாரத நாட்டின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று, கடலில் மூழ்கிய கண்டம் இல்லை.

இரண்டாவது சரக்கு லண்டனில் இருந்து வந்தது. 1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளருக்கு ஒரு சந்தேகம். லெமூர் என்ற குரங்கு ஜாதி விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் உறவுகள் இந்தியாவிலும் இருக்கின்றன, ஆனால் நடுவில் கடல். எப்படி வந்திருக்கும்? ஒரு காலத்தில் நடுவில் நிலம் இருந்திருக்கும் என்றார். அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதை இன்னும் நீட்டி, மனிதன் தோன்றிய இடமே அதுவாக இருக்கலாம் என்றார்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த லெமூரியா செய்தி தமிழ்நாட்டுப் படித்தவர்கள் கைக்கு வந்தபோது என்ன ஆகும்? ஒரு பக்கம் கடல் கொண்ட பாண்டிய நாடு என்ற பழைய நினைவு. இன்னொரு பக்கம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய கண்டம் என்று வெள்ளைக்கார விஞ்ஞானியே சொல்லும் செய்தி. இரண்டும் பால் தேன் மாதிரி கலந்துவிட்டது. பாவாணர் தலைமுறை இதைப் பெரியவர்கள் சொன்ன உண்மையாகவே ஏற்று வளர்ந்த தலைமுறை. அவர் புதிதாகக் கட்டிவிட்டார் என்று யாராவது சொன்னால் அது தப்பு.

உலகமெல்லாம் ஒரு வெள்ளக் கதை

பாவாணர் மிஷன் பள்ளியில் படித்த பையன். நோவாவின் பேழை கதையைக் கேட்டு வளர்ந்திருப்பார். கடவுள் கோபத்தில் வெள்ளம் அனுப்புகிறார். நல்லவர் ஒருவர் குடும்பத்தோடும் விலங்குகளோடும் கப்பலில் தப்பிக்கிறார். பறவையை அனுப்பித் தரை தெரிகிறதா என்று பார்க்கிறார்.

இந்தக் கதைக்கு ஒரு அண்ணன் உண்டு என்பது 1872ல் தெரியவந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித், மெசபடோமியா களிமண் பலகைகளைப் படிக்கும்போது அதே வெள்ளம், அதே கப்பல், அதே பறவை. கில்காமேஷ் காவியத்தின் 11வது பலகை. அங்கே தப்பித்தவர் பெயர் உத்னபிஷ்டிம். சாவில்லாத வாழ்வைத் தேடி அலையும் கில்காமேஷ் என்ற ராஜா, கடைசியில் இவரைத் தேடிப்போய்த்தான் இந்தக் கதையைக் கேட்கிறார். கிரேக்கத்தில் டியூகாலியன் கதை. சீனாவில் கதையே வேறு மாதிரி. அங்கே யூ என்ற தலைவன் கப்பலில் ஏறித் தப்பவில்லை, வருஷக்கணக்கில் கால்வாய் வெட்டி வெள்ளத்தை வடித்துவிடுகிறான். பொதுப்பணித்துறை ஹீரோ!

நம்ம நாட்டில் மனு கதை. சதபத பிராமணத்தில், மனு கையில் சிக்கிய சின்ன மீன் வளர்ந்து பெரிதாகி, வெள்ளத்தில் அவருடைய படகை இழுத்துக்கொண்டு போகிறது. பாகவத புராணத்தில் இதே கதை வரும்போது, அந்த ராஜாவின் பெயர் சத்யவிரதன், அவர் திராவிட நாட்டு அரசர், மீன் சிக்கிய ஆறு கிருதமாலா. கிருதமாலா என்பது வைகை என்று சொல்பவர்கள் பலர். குமரிக்கண்டம் பேசுபவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் இடம் இது.

கோவில் கதைகளிலும் வெள்ளம் உண்டு. கும்பகோணத்தில் பிரளயத்தில் மிதந்து வந்த கும்பம். சீர்காழியில் தோணியில் வந்த தோணியப்பர். மதுரையில் வெள்ளத்துக்குப் பிறகு ஊர் எல்லையைப் பாம்பு வளைந்து காட்டியதால் ஆலவாய் என்று பெயர்.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் எனக்குப் படுகிறது. நோவா கதையில் மனிதனும் விலங்குகளும் காப்பாற்றப்படுகிறார்கள். மனு கதையில் மனித இனத்துக்கான விதை காப்பாற்றப்படுகிறது. சங்கம் பற்றிய கதையில் கப்பலே இல்லை, யார் தப்பித்தார் என்ற கேள்வியும் இல்லை. யாருடைய பாவத்துக்கும் தண்டனையாக அந்தக் கடல் வரவில்லை. அங்கே பெரிய இழப்பாகச் சொல்லப்படுவது நூல்கள். ஊர் போனதும் பாண்டியன் அடுத்த ஊரில் முதலில் கூட்டுவது புலவர் அவையை. இப்படி ஒரு வெள்ளக் கதையை நான் வேறு எங்கும் படித்ததில்லை. பாவாணர் மாதிரி ஒரு ஆள் இந்தக் கதையில் விழுந்து எழாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அவர் சொன்னது அறிவியலில் நிற்குமா?

நேராகச் சொல்லிவிடலாம். கண்ட அளவுக்கு ஒரு நிலம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது, அங்கே மனிதன் தோன்றினான் என்பது நிற்காது.

காரணம் சிம்பிள். லெமூர் புதிருக்கு 1960களில் வேறு விடை கிடைத்துவிட்டது. கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டியிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நம்மைப் போன்ற மனிதன் வந்து சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது, அதுவும் ஆப்பிரிக்காவில். ஆக, லெமூர் நடந்த நிலத்தில் தமிழ் பேச ஆள் இருந்திருக்க வழியே இல்லை. ஸ்கிளேட்டர் சொன்ன லெமூரியாவை விஞ்ஞானிகளே கைவிட்டுவிட்டார்கள்.

அப்படின்னா கடல்கோள் செய்தி முழுவதும் பொய்யா? அதுவும் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. தமிழ்நாடும் இலங்கையும் ஒட்டியிருந்தன. குமரிக்குத் தெற்கேயும் கரை சற்று தள்ளி இருந்தது. பனி உருகி, கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கிட்டத்தட்ட இன்றைய நிலைக்கு வந்தது. புவியியலாளர் சு.கி. ஜெயகரன் குமரி நில நீட்சி என்ற புத்தகத்தில் இதைத்தான் விளக்குகிறார். கடலில் போனது கரையோர நிலம், கண்டம் அல்ல. இதோடு தனித்தனிப் பேரலைகள், புயல்கள். 1964ல் தனுஷ்கோடி போனதையும் 2004ல் சுனாமி வந்ததையும் பார்த்த நமக்கு, கடல் ஒரு ஊரைக் கொண்டுபோகும் என்பதற்குப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

மொழி விஷயத்திலும் அப்படித்தான். நாவாய் என்ற தமிழ்ச் சொல்லையும் நேவி என்ற இங்கிலீஷ் சொல்லையும் பக்கத்தில் வைத்து, பார் எவ்வளவு ஒற்றுமை என்று பாவாணர் காட்டும்போது படிக்கிறவருக்குச் சிலிர்க்கும். ஆனால் இன்றைய மொழியியலில் சத்தம் ஒத்துப்போவது மட்டும் போதாது. ஒரு மொழியில் வரும் ஒலி மற்ற மொழியில் எப்படி மாறுகிறது என்று விதி காட்ட வேண்டும், அந்த விதி நூற்றுக்கணக்கான சொற்களில் பொருந்த வேண்டும். கடன் வாங்கிய சொல்லா, எதேச்சையா என்றும் பார்க்க வேண்டும். தமிழில் இருந்துதான் ஆரிய மொழிகள் பிறந்தன என்ற அவருடைய முடிவை உலக மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அவர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்து ஊர்க்காரனாக இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்புறம் எதற்கு அவரைப் படிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்புப் பாடத்துக்கே திரும்பிப் போவோம். நெல்லுக்கு அடிப்பகுதி தாள். கீரைக்குத் தண்டு. சோளத்துக்குத் தட்டை. கரும்புக்குக் கழி. மூங்கிலுக்குக் கழை. மாமரத்துக்கு அடி. இலையிலும் அதேபோல. புளிக்கும் வேம்புக்கும் இலை, சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை, பனைக்கு ஓலை, காய்ந்துபோனால் சருகு. பிஞ்சு என்றால் எல்லாம் ஒன்றா? மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, தென்னையில் குரும்பை, வாழையில் கச்சல்.

இதைப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து எடுக்க முடியாது. வயலிலும் தோப்பிலும் வேலை செய்கிறவர்கள் வாயில் இருந்து எடுத்தது. ராஜபாளையம் மாந்தோப்பில் வடு பொறுக்கும் பாட்டிக்கு இந்தச் சொல் தெரியும், அகராதி எழுதிய பல பண்டிதர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை. ஏற்கெனவே இருந்த அகராதிகளில் பேச்சுவழக்குச் சொற்கள் ஏராளமாக விட்டுப்போயிருக்கின்றன, பல தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஆதாரத்தோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையில் பல இடங்களில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

சொல்லின் வேரைத் தேடும் முறையும் அவருடையதுதான். அவன், இவன் தெரியும். உவன்? தமிழ்நாட்டில் அது செத்துப்போய்விட்டது, யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தூரத்தில் அ, பக்கத்தில் இ, நடுவில் உ. கை நீட்டிச் சுட்டும்போது வாய் எப்படித் திறக்கிறது என்பதில் இருந்து இந்தச் சுட்டெழுத்துகள் வந்தன என்று ஆரம்பித்து, உ என்ற ஒரே ஒலியில் இருந்து கிளைகிளையாக நூற்றுக்கணக்கான சொற்கள் முளைத்ததாக ஒரு மரமே வரைந்துவிட்டார். கடவுள் மொழியைக் கொடுத்தார் என்ற கதைகள் உலகம் முழுக்க உண்டு. பைபிளில் பாபேல் கோபுரம் கட்டியவர்களின் ஒரே மொழியைக் கடவுள் பலவாகக் கலைத்துவிடுகிறார். பாவாணர் சொன்னது, மனிதன் தன் கையாலும் வாயாலும் தானே மொழியை உண்டாக்கினான் என்ற படைப்புக் கதை. அந்த மரத்தின் எல்லாக் கிளையையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனா ஒவ்வொரு சொல்லையும் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தமிழ் படித்த பல பேருக்கு இவரிடம் இருந்து வந்ததுதான்.

சேலம், சிதம்பரம், காட்பாடி

1944ல் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 12 வருஷம் அங்கே. வாழ்க்கையில் கொஞ்சம் நிம்மதியாக இருந்த காலம் இதுதான். பின்னாளில் பாவலரேறு என்று பெயர் பெற்ற பெருஞ்சித்திரனார் அங்கே அவருடைய மாணவர்.

1956ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைத்தது. திராவிட மொழி ஆராய்ச்சி. தமிழுக்கு ஒரு சொற்பிறப்பு அகராதி செய்ய வேண்டும் என்ற கனவு கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. ஆனால் மற்ற மொழியியல் அறிஞர்களுடைய அணுகுமுறையும் இவருடைய அணுகுமுறையும் ஒத்துப்போகவில்லை. 1961ல் வேலை போனது. 59 வயதில், கையில் கனவு மட்டும் இருந்தது, சம்பளம் இல்லை.

காட்பாடியில் குடியேறினார். 1963ல் மனைவி நேசமணி காலமானார். வறுமை. அந்த வறுமைக் காலத்தில்தான் அவருடைய பெரிய புத்தகங்கள் வரிசையாக வந்தன. 1966ல் உலகின் முதல் செம்மொழி தமிழ் என்று வாதாடும் இங்கிலீஷ் நூல். 1967ல் தமிழ் வரலாறு, வடமொழி வரலாறு. 1969ல் திருக்குறளுக்குத் தமிழ் மரபுரை. 1972ல் தமிழர் வரலாறு.

அரசாங்கம் வருவதற்கு முன்பே அவருக்குக் கைகொடுத்தவர்கள் வாசகர்கள். பெருஞ்சித்திரனார் நடத்திய தென்மொழி இதழ் வழியாக, அகரமுதலி வேலைக்காக மாதாமாதம் பணம் அனுப்பும் திட்டம் ஒன்று நடந்தது. அனுப்பியவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. ஆசிரியர்கள், சின்ன வேலையில் இருப்பவர்கள். இப்போது நாம் கிரவுட் ஃபண்டிங் என்று சொல்வதை மணியார்டரில் செய்தார்கள். 1968ல் உலகத் தமிழ்க் கழகத்தைத் தொடங்கி அதன் தலைவராகவும் இருந்தார்.

1974ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது, செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அரசே தொடங்கி, பாவாணரை இயக்குநர் ஆக்கியது. அவருக்கு அப்போது 72 வயது. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிப் பேரன் பேத்தி பார்க்கும் வயதில், அ என்ற எழுத்தில் இருந்து வேலையை ஆரம்பித்தார். 1979ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், செந்தமிழ்ச் செல்வர் விருது கிடைத்தது.

மதுரை, ஜனவரி 1981

1981 ஜனவரி தொடக்கத்தில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. ஊரே திருவிழா. அந்த மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றி அரசே எடுத்த ஆவணப்படம் ஒன்றும் திரையிடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்த விஷயம், 45 வருஷம் கழித்து அரசாங்கப் படமாக ஓடுகிறது.

ஜனவரி 5ஆம் தேதி பாவாணர் மேடை ஏறினார். பேசிய பொருள் மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும். முதல் மனிதன் எங்கே தோன்றினான், எப்படிப் பேசினான், எந்த நிலத்தில் இருந்தான். 17 வயதில் முறம்பில் சாக்பீஸ் பிடித்தவர், 78 வயதில், கடல் கொண்ட மதுரையைப் பற்றி, இருக்கிற மதுரையில் நின்று, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார்.

அன்று இரவு நெஞ்சுவலி. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பொங்கல் வந்தது. ஜனவரி 15 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தொடங்கிய அகரமுதலியின் முதல் மடலம் அச்சாகி வந்தது 1985ல். அவர் பார்க்கவில்லை. வேலை நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்த இயக்குநர்களும் பதிப்பாசிரியர்களும் எடுத்துச் சென்று, 31 பகுதிகளாக 2011ல்தான் முடித்தார்கள். 2006ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. மதுரையில் மணிமண்டபம் இருக்கிறது. சென்னை அண்ணா சாலையில் மாவட்ட மைய நூலகத்துக்கு அவர் பெயர். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து உட்காரும் இடம்.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது முறம்பில் இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு அண்ணாச்சியிடம் பாவாணர் கோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை நீட்டி வழி சொன்னவர், எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரித்தார். சேத்தூர் என்றேன். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் வரவில்லையா என்று கேட்டுவிட்டு, அவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.